வீடு மாறல... நாடு மாறுச்சு! சிகெத் ஊரில் 10-ல் 4 பேர் என்ன ஆனாங்க?

ருமேனியாவின் வடக்கு எல்லையில், திசா ஆற்றங்கரையில் இருக்கிறது சிகெத். ஆத்துக்கு அந்தப் பக்கம் உக்ரைன். மக்கள் தொகை சுமார் 33 ஆயிரம்தான். ஆனால் ருமேனியர், ஹங்கேரியர், உக்ரைனியர், ரோமா எனப் பல இனத்தவர் சேர்ந்து வாழ்கிறார்கள்.

இத்தனை இனம் எப்படி?

முதல் உலகப்போர் முடியும்வரை இது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் ஊர். பல மொழி பேசுபவர்கள் அப்போதே கலந்து வாழ்ந்தார்கள். எல்லைக்கோடுதான் பிறகு வந்தது. போருக்குப் பின் ருமேனியா. 1940-ல் ஜெர்மனியும் இத்தாலியும் சொன்ன தீர்ப்பால் மீண்டும் ஹங்கேரி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மறுபடி ருமேனியா. 1910-ல் இங்கே பிறந்தவர், வீட்டை விட்டு நகராமலே 3 முறை நாடு மாறியிருப்பார்!

அந்த 4 பேர் யார்?

யூதர்கள். இரண்டாம் உலகப்போருக்கு முன் இங்கே 10 ஆயிரத்துக்கும் மேல், அதாவது 10 பேரில் சுமார் 4 பேர் யூதர்கள். ஹங்கேரி ஆட்சியில் இருந்த 1944 மே மாதம், அவர்களைச் சரக்கு ரயிலில் அடைத்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானோர் திரும்பவே இல்லை. பிழைத்தவர்களில் ஒருவர், அப்போது 15 வயதான எலி வீசல். 1986-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர். அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

இப்போ நிலைமை என்ன?

இன்று இங்கே யூதர்கள் வெகு சிலரே. 2022-ல் ரஷ்யா போர் தொடுத்தபோது, உக்ரைன் மக்கள் கைக்குழந்தைகளோடு பாலம் கடந்து வந்து சேர்ந்ததும் இதே சிகெத்துக்குத்தான்.