காற்று புழங்கும் கல்லூரி

'3 இடியட்ஸ்' படத்தில் ஆமிர்கான் படித்த இன்ஜினியரிங் காலேஜ் பெங்களூரில், பொம்மனஹள்ளிக்கு மேற்கே, சில கிலோமீட்டர் தூரத்தில், பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது. நிஜத்தில் அது மேலாண்மை படிப்பதற்கான ஐஐஎம். ஆனாலும், பொறியியல் கல்லூரி கட்டப்போகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

1977-இல் அதை வடிவமைக்கத் தொடங்கியவர் பாலகிருஷ்ண தோஷி. 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியக் கட்டடக் கலைஞர். ஃபதேபூர் சிக்ரியின் முற்றங்கள் அவர் மனத்தில் இருந்தன. நம் கோயில் பிராகாரங்களில் நடந்து பழகியவர்களுக்கும் அந்த வளாகம் அந்நியமாகத் தெரியாது.

சுவர்கள் கரடுமுரடான சாம்பல் நிறக் கிரானைட். பூச்சும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. சில வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பூச வேண்டிய செலவும் இல்லை. நடைபாதைகளின் மேலே வரிசையாகக் கான்கிரீட் விட்டங்கள், அவற்றில் படர்ந்த கொடிகள், இடையிடையே வானம். வெயில் கீற்றுக் கீற்றாகத்தான் தரைக்கு வருகிறது. கனமான கல் மெதுவாகச் சூடேறுகிறது. சூடான காற்று திறந்த மேற்புறம் வழியே வெளியேற, முற்றத்து மர நிழலின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருக்கு, வருடத்தின் பெரும்பகுதி இதுவே போதும்.

அந்த நடைபாதைகள் அகலமானவை. வகுப்பு முடிந்து வருகிறவர்கள் நின்று பேசலாம், உட்கார்ந்து வாதாடலாம். சதுர அடிக் கணக்குப் பார்க்கும் கல்லூரிகள் முதலில் வெட்டுவது இந்த இடத்தைத்தான். அங்கே துறைக்கு ஒரு பிளாக், நடுவே இருட்டான குறுகிய வராந்தா, இருபுறமும் மூடிய கதவுகள். மெக்கானிக்கல் மாணவர் செய்யும் ரோபோவுக்குப் புரோகிராம் எழுதக்கூடியவர் பக்கத்து பிளாக்கிலேயே இருப்பார். நான்கு வருடத்தில் இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். இந்த இழப்பு எந்தத் தணிக்கையிலும் பதிவாவதில்லை. புராஜெக்ட் பணிமனையை எல்லோரும் கடந்துபோகும் முற்றத்தைப் பார்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லா இடத்தையும் இப்படித் திறந்து வைக்க முடியாது. சர்வர் அறையும் நுண்ணளவை ஆய்வகமும் குளிரூட்டியே ஆக வேண்டும். அவற்றை மட்டும் மூடுங்கள். அதிலும் சிக்கனம் சாத்தியம். ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் ஒரே கட்டடத்தின் ஒரு பாதிக்கு வழக்கமான ஏசியும், மறுபாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடும் முறையும் அமைத்து ஒப்பிட்டது. நீர் ஓடிய பாதிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகவே செலவானது.