கட்டைப் பிரிக்காமல் காயத்தைப் பார்க்க

தீக்காயப் பிரிவில் படுத்து எழுந்தவர்களைக் கேட்டால், கட்டு மாற்றும் நேரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். புண்ணோடு ஒட்டிய காஸ் துணியை நனைத்து உரிக்கும்போது, புதிதாக வளர்ந்த தோலும் சில சமயம் கூடவே பெயர்ந்து வந்துவிடும். பிரிக்காவிட்டாலோ, புண் ஆறுகிறதா சீழ் பிடிக்கிறதா என்று தெரியாது. துணிக்கு மேலிருந்தபடியே, தொடாமல், அடியில் இருக்கும் தோலை அறிய மில்லிமீட்டர் அலைகளை நாடுகிறார்கள் ஆய்வாளர்கள்.

30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைகள் இவை. அலைநீளம் 10 முதல் 1 மி.மீ. விமான நிலையத்தில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் சோதனைக் கூண்டும் கார் ரேடாரும் ஏறக்குறைய இந்த அலைவரிசையில்தான் இயங்குகின்றன. உலர்ந்த துணியை இவை சுலபமாகக் கடந்துவிடும். தண்ணீரிடம்தான் மாட்டிக்கொள்ளும். தோலுக்குள் நுழையும் 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் பெரும்பகுதி அரை மில்லிமீட்டர் ஆழத்திலேயே அடங்கிவிடுகிறது. உள்ளுறுப்புகளைப் பார்க்க இது உதவாது. தோலை மட்டும் அறிய வேண்டியவருக்கோ இதைவிட வசதி இல்லை: கீழே இருக்கும் கொழுப்பும் தசையும் குறுக்கே வருவதில்லை.

தோலில் விழும் அலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்பும் என்பதை முக்கியமாக நிர்ணயிப்பது தோலில் உள்ள நீர். மேலே இருக்கும் செத்த செல்களின் படலம் வறண்டது. உடம்பின் பல இடங்களில் அதன் கனம் 10, 20 மைக்ரோமீட்டர்தான், உள்ளங்கையில் பல மடங்கு அதிகம். அதற்குக் கீழே ஈரம் கூடுதல். தீக்காயம் இந்த அடுக்குகளையே குலைத்துவிடுவதால் அலையின் கணக்கும் மாறுகிறது. ஈரப்பதம் அளக்கத் தோல் மருத்துவர்களிடம் இப்போதும் கருவி உண்டு. ஆனால் அதைத் தோலில் வைத்து அழுத்த வேண்டும். வெந்த இடத்தில் அது நடக்கிற காரியமா?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று அலையை அனுப்பும் வேலையையே விட்டுவிட்டது. சூடுள்ள எந்தப் பொருளும் இந்த அலைவரிசையிலும் மங்கலாக உமிழ்ந்துகொண்டிருக்கும். மனித உடம்பும் அப்படித்தான். அந்த உமிழ்வை ரேடியோமீட்டர் என்ற கருவியால் பிடித்துவிடலாம். அதிகம் பிரதிபலிக்கும் பரப்பு குறைவாக உமிழும் என்பதால் ஈரத்தோல் மங்கலாகவும் வறண்ட தோல் சற்றுப் பிரகாசமாகவும் தெரியும். மணிக்கட்டின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்குமே வித்தியாசம் தென்பட்டது. உட்புறத்தில் தோல் மெல்லியது, ரத்தக்குழாய்கள் மேலாக ஓடுகின்றன. தீக்காயத்துக்கு மாதிரியாகப் பன்றித் தோலைச் சுட்டு, மேலே கட்டுத் துணி போட்டும் அளந்தார்கள்.

இத்தனை மெல்லிய சமிக்ஞையை நம்ப வேண்டுமானால் கருவிக்கு அளவுகோல் வேண்டும். கரி ஏற்றிய நுரைப்பஞ்சு இரண்டை எடுப்பார்கள். ஒன்று அறை வெப்பநிலையில். மற்றொன்று மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஊறியது. இரண்டையும் மாறிமாறிக் காட்டியபின்தான் தோலின் முறை.

கதிர்வீச்சு என்றதும் எழும் பயத்துக்கு இங்கே இடமில்லை. உடம்பின் மேல் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. சிக்கல் வேறு இடத்தில். களிம்பு ஊறிய கட்டும், ரத்தம் கசிந்த துணியும் அலையை மறைத்துவிடும். வியர்த்தால் எண் மாறும். ஆளுக்கு ஆள் தோலும் வேறு. அதனால் எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று தோன்றுகிறது. வலது முழங்கை வெந்திருந்தால், அதே ஆளின் இடது முழங்கையை அளந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.