சங்கம் பதிவாயிற்றா? உண்டியலைத் தூக்கும் முன்…

பள்ளிக்கு உதவ முன்னாள் மாணவர் சங்கம் தொடங்கப் போறீங்களா? மலேசியாவில் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, குறைந்தது 7 பேர் சேர்ந்து சங்கப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பணும்; தொடர்ந்து தவறினால் பதிவே ரத்தாகலாம்.

பதிவு கிடைச்சாச்சு, இனி எல்லாம் செய்யலாம்னு நினைச்சுடாதீங்க. நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்க, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்ட, 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் தனியாக வேண்டும்.

உண்டியலோடு தெருவில் நிற்பது பெரும்பாலும் நம் மாணவர்கள். கேள்வி வந்தால் முதலில் தவிக்கப் போறதும் அவங்கதான். எனவே உரிமத்தைக் கையில் வாங்கிய பிறகே அவங்களை அனுப்புங்க.