சாரம் சரிந்தால் பெல்ட் காப்பாற்றுமா?

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பலர் அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுமார் 30 அடி உயரம். அங்கிருந்து விழுபவர் ஒன்றரை நொடிக்குள், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். சுதாரிக்க நேரம் ஏது?

விழுபவரைப் பாதுகாப்பு பெல்ட் எப்படிக் காக்கிறது? 2 மீட்டர் விழுந்தவரை வெறும் கயிறு 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், உடல் எடையைப்போல் 20 மடங்கு விசை வெட்டி இழுக்கும். இடுப்பில் மட்டும் கட்டியிருந்தால் முதுகெலும்பே முறியலாம். முழு உடல் பெல்ட்டின் கயிற்றில் மடித்துத் தைத்த நாடா உண்டு. தையல் பிரிந்து அது நீள நீள விசை தணிகிறது; பெல்ட் அதைத் தொடைக்கும் தோளுக்கும் பரப்புகிறது.

ஆனால் பெல்ட் கயிற்றின் கொக்கியை எங்கே மாட்டுவது? சென்னை புளியந்தோப்பு அடுக்குமாடிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர் தான் நிற்கும் சாரத்திலேயே மாட்டினால், சாரம் சரியும்போது அவரும் கூடவே போவார். கட்டடத்தின் உறுதியான பகுதியில், தலைக்கு மேலே மாட்ட வேண்டும். அந்த இடத்தை வேலை தொடங்குமுன்பே அமைத்துத் தருவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. கூலிக்கு வந்தவர் தலையில் கட்டுவது அநியாயம்.