பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய நுண்ணங்கிகள்

கிருமி என்றதும் நோயையே நினைப்பது நம்மவர் வழக்கம். பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிவைக்கின்றோம். ஆயினும், காய்ச்சி ஆறிய பாலில் உறை இட, அது தயிராவது ஒருவகைப் பக்டீரியாவின் வேலையே ஆகும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய உயிர்கள் நுண்ணங்கிகள் எனப்படும். இவற்றுள் நன்மை செய்வன எவை, தீமை செய்வன எவை என்பதைப் பிள்ளைகள் தோட்டத்திலேயே கண்டறியலாம்.

நன்மை செய்வது

கௌபி அல்லது பயறு பூக்கத் தொடங்கும் காலத்தில் ஒரு செடியை மண்ணோடு கிளறியெடுத்து, வேரை நீரில் மெதுவாக அலசுக. வேரின் பக்கங்களில் சிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தாற் பிளந்து பார்க்கையில் உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பின், அங்கே றைசோபியம் என்னும் பக்டீரியா நன்கு தொழிற்படுகின்றது என்பது பொருள். காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசனாயினும், பயிர் அதனை நேரே பயன்படுத்த இயலாது. இப்பக்டீரியா அந்நைதரசனைச் செடிக்கு உணவாக மாற்றிக் கொடுக்கின்றது. செடி அதற்குச் சீனியைக் கொடுக்கின்றது. ஆதலால், காய் பறித்தபின் இச்செடிகளை எறிந்துவிடாது மண்ணுடன் சேர்த்து உழுதுவிடுதல் நன்று. வேரே புடைத்து, பிரித்தெடுக்க இயலாத முடிச்சுகள் காணப்படின் அவை வேறு. அவை நுண்ணிய வட்டப்புழுக்களால் உண்டாவன.

தீமை செய்வது

கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடி இலை பசுமையாயிருக்கும்போதே திடீரென வாடி, நீர் பாய்ச்சியும் தேறாதாயின், அதன் அடித்தண்டில் ஒரு துண்டைப் பெரியவர் வெட்டியெடுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீருள் அமிழுமாறு தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிழை நூலாகக் கீழே வழியின், அது பக்டீரியா வாடல் நோயாகும். அவ்விழை கோடிக்கணக்கான பக்டீரியாக்களின் கூட்டம். நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை.

வாடிய செடிகளைப் பிடுங்கும் வேலை பல வீடுகளில் பிள்ளைகளுக்கே உரியது. அவற்றை வாய்க்காலில் எறிந்தால், நீரோடு நோய் அயலார் தோட்டத்தையும் சென்றடையும். ஆகவே:

1. செடியை வேரோடு அகற்றி எரித்துவிடுக.
2. மண்வெட்டி, கத்தி, கால்களில் ஒட்டிய மண்ணை அவ்விடத்திலேயே நீக்குக.
3. குவளை நீரைக் கொதிக்கவைத்த பின்பே ஊற்றுக.
4. அந்நிலத்தில் அடுத்த போகங்களில் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடுத்து, நெல் அல்லது சோளம் செய்க.

மனிதருக்குத் தீங்கு செய்யும் பக்டீரியாவும் வயலில் உண்டு. எலியின் சிறுநீரால் மாசுற்ற சேற்றிலிருந்து எலிக்காய்ச்சற் கிருமி காயத்தின் வழியே உடலுட் புகும். காலிற் காயமுள்ள பிள்ளையை வயலில் இறங்கவிடலாகாது. இறங்கிய சில நாட்களில் காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, வயலில் இறங்கியதையும் வைத்தியரிடம் கூறுக.

"வாய்க்காலில் எறியாதே" என்று கண்டிப்பதிலும், அவ்வெண்ணிழையை ஒருமுறை காட்டுதல் மேலானது. கண்ணாற் கண்ட பிள்ளை மறவாது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.