கோழி முட்டையிடுவதை நிறுத்துவது ஏன்?

எலவனாசூர்கோட்டை முதல் கல்வராயன் மலையடிவாரம் வரையுள்ள கிராமங்களில், முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவுவது. ஒரு மாதம் முட்டையிடாத கோழியை மலடென்று எண்ணிக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் உண்டு. அவ்வாறு விற்கப்பட்டவற்றுள் பல, சில வாரங்களில் மீண்டும் முட்டையிடக் கூடியவையே.

முட்டையிடுவதற்குச் சேவல் அவசியமன்று; முட்டை குஞ்சாவதற்கே சேவல் வேண்டும். சேவலைப் பிரித்த பின்னும் சுமார் இரண்டு வாரம் வரை இடும் முட்டைகளில் கருவிருக்கலாம். கருக்கூடிய முட்டை, கோடை வெப்பத்தில் அடையில் வைக்காமலே உள்ளே வளரத் தொடங்கிக் கெட்டுவிடும். ஆகையால் முட்டைகளைச் சேர்த்து விற்க விரும்பும் சங்க அங்கத்தினர்கள், குஞ்சு பொரிக்க வேண்டியவற்றை எடுத்துக்கொண்ட பின் சேவலைப் பிரித்து வைப்பது லாபகரம். அடுத்த வீட்டுச் சேவலுக்கு வேலியில்லையாதலால், தெருவார் யாவரும் கூடிச் செய்தாலன்றி இதனால் முழுப் பயன் கிட்டாது.

மஞ்சட்கரு முதிர்ந்து முட்டைக் குழாயில் விழுந்த பின், வெண்கரு சூழ 3 மணி நேரமும், தோல் படியச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரமும், ஓடு உண்டாக ஏறக்குறைய 20 மணி நேரமும் ஆகும். மொத்தத்தில் 24 முதல் 26 மணி நேரம். எனவே கோழி நாள்தோறும் சற்றுப் பிந்தி இட்டு, நேரம் மாலையை நெருங்கியதும் ஒரு நாள் விட்டுவிடும். இது இயற்கையே, குறையன்று.

பகல் வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். குளிர் தேசங்களில் இதுவே பெருங்காரணம். இவ்வட்டாரத்திலோ மார்கழிப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஆனிப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். வித்தியாசம் சொற்பமாதலால் இங்குள்ள காரணங்களை வேறிடத்தில் தேட வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது அடை. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடைக்கு உட்காரும். பொரிக்க 21 நாள். பின்பு குஞ்சுகளுடன் இரண்டு மூன்று மாதம் கழியும். வருஷத்தில் அது 60 முதல் 80 முட்டை வரையே இடுவதற்கும், நாமக்கல் பண்ணைகளிலுள்ள வெள்ளை லெகார்ன் வம்சக் கோழிகள் 300-க்கு மேல் இடுவதற்கும், தீனியும் ஜாதியும் போலவே இவ்வழக்கமும் காரணமாகும். அடை தெளிவிக்க நீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் வீண் கொடுமை. வைக்கோலில்லாத, காற்றோட்டமுள்ள கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் அடைத்தால் போதும்.

இறகுதிர்க்கும் காலத்திலும் கோழி இடாது; உண்ட சத்து இறகுக்கே செல்லும். தோல்முட்டையிடும் கோழிக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தே குறைவு. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் இச்சத்து சுமார் 2 கிராம் செலவாவதால், இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தல் நலம்.

விற்குமுன் ஒரு பரீட்சை செய்யலாம். ஆசனவாயின் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளுக்கிடையே இரண்டு விரல் நுழையுமாயின் கோழி முட்டையிட்டு வருகிறது; ஒரு விரலும் நுழையாவிடில் நிறுத்திவிட்டது. அடைக்கோழியிலும் இறகுதிர்க்கும் கோழியிலும் இவ்விடைவெளி சுருங்கியே இருக்கும். அவற்றை அடை தெளிந்து, புதிய இறகு முளைத்த பின் மறுபடி சோதித்தே விற்பனையைத் தீர்மானித்தல் வேண்டும்.