சுழற்றி அடிப்பதா, முன்னே தள்ளி அடிப்பதா? பேஸ்பால், சாஃப்ட்பாலில் தீராத ஸ்விங் சண்டை

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு சேர்ந்து பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் களமிறங்குகின்றன. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில்தான் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

இந்த ஆட்டங்களில் பந்தை அடிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு என்பார்கள். ஒன்று, இடுப்பைச் சுழற்றி அடிக்கும் 'ரொட்டேஷனல்' ஸ்விங். இன்னொன்று, உடல் எடையை முன்னே கொண்டுபோய் அடிக்கும் 'லீனியர்' ஸ்விங். இதில் எது சரி என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அப்படி என்னதான் வித்தியாசம்?

கையில் இருப்பது 0.4 விநாடி

பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், பந்து பேட்டரிடம் வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகும்.

சாஃப்ட்பாலில் கையைக் கீழாகச் சுழற்றி வீசுவார்கள். வேகம் 65 முதல் 70 மைல்தான். 'அப்போ ஈஸிதானே' என்று நினைக்க வேண்டாம். தூரமும் 43 அடியாகக் குறைந்துவிடுவதால் இங்கேயும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் கிடைக்கும்.

பந்தைப் பார்த்து, அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுத்து, மட்டையைக் கொண்டுவருவது எல்லாமே இதற்குள் முடியணும். அதனால்தான் ஸ்விங் எப்படி என்பது இவ்வளவு பெரிய பிரச்சினை.

லீனியர் ஸ்விங் என்றால் என்ன?

பேட்டர் தன் எடையைப் பின்காலில் வைத்து நிற்பார். பந்து வரும்போது அந்த எடையை முன்காலுக்கு மாற்றுவார். கைகள் சுற்றி வராமல், பந்தை நோக்கி நேராகப் போகும். மட்டையின் பாதை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கும். தாழ்ந்து பறக்கும் அடிகளும் தரையோடு ஓடும் அடிகளும் இதில் அதிகம்.

இந்த முறையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் சார்லி லாவ். 1970களில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் பேட்டிங் பயிற்சியாளர். அந்த அணியின் மைதானத்தில் அப்போது செயற்கைப் புல்தரை. தரையில் பட்ட பந்து விருட்டென்று ஓடிவிடும். அங்கே தாழ்வான அடிக்கு நல்ல மதிப்பு இருந்தது. லாவிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட், 1980 சீசனில் .390 சராசரி எடுத்தார்.

இதன் உச்சம் சாஃப்ட்பாலின் 'ஸ்லாப்' அடி. இடதுகை பேட்டர் முதல் பேஸை நோக்கி ஓடத் தொடங்கிக்கொண்டே பந்தைத் தட்டிவிடுவார். பேஸுக்கு 60 அடிதான் என்பதால், ஃபீல்டர் எடுத்து எறிவதற்குள் ஓடி முடித்துவிடலாம்.

ரொட்டேஷனல் ஸ்விங் என்றால் என்ன?

ஓடும் பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நம் உடல் முன்னே தூக்கி எறியப்படும் அல்லவா? இங்கே முன்கால்தான் பிரேக். அது தரையில் ஊன்றி விறைத்தவுடன், முன்னே போக முடியாத வேகம் சுழற்சியாக மாறுகிறது. முதலில் இடுப்பு திரும்பும். பிறகு தோள். கடைசியாகக் கையும் மட்டையும். கவணில் கல் சுற்றுவது போல, நுனிக்குப் போகப் போக வேகம் கூடும்.

இதன் பெரிய குரல் டெட் வில்லியம்ஸ். 1941ல் .406 சராசரி எடுத்தவர். அதாவது 1,000 முறைக்கு 406 ஹிட் என்ற விகிதம். இடுப்புதான் ஸ்விங்கை வழிநடத்தணும், மட்டை லேசாக மேல்நோக்கி வரணும் என்பது அவர் கட்சி.

காரணம் எளிது. பேஸ்பால் பிட்சர் 10 அங்குல உயர மேட்டில் நின்று, தலைக்கு மேலிருந்து வீசுகிறார். பந்து கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. மட்டை அதே சரிவில் எதிர்கொண்டு வந்தால், பந்தின் பாதையில் அதிக நேரம் இருக்கும். டைமிங் கொஞ்சம் பிசகினாலும் பந்து சிக்கும்.

இரண்டிலும் ஓட்டை உண்டு

லீனியரில் எடை சீக்கிரமே முன்னே போய்விட்டால் ஆபத்து. பிட்சர் வேகத்தைக் குறைத்து ஏமாற்றினால் பேட்டர் குப்புற விழாத குறைதான். கையில் வலு மிஞ்சாது.

ரொட்டேஷனலில் இடுப்பும் தோளும் முன்கூட்டியே திறந்துகொண்டால், வெளியே போகும் பந்து மட்டையின் நுனியில்தான் படும். ரொம்ப மேல்நோக்கிச் சுழற்றினால், நெஞ்சு உயரத்தில் வரும் வேகப்பந்து தப்பிவிடும்.

சாஃப்ட்பாலில் இது இன்னும் சிக்கல். அங்கே மேடு கிடையாது. இடுப்பு உயரத்திலிருந்து கிளம்பும் பந்தில் அவ்வளவு சரிவு இருக்காது. மேலே ஏறுவது போலத் தோன்றும் 'ரைஸ் பால்' வேறு உண்டு. பேஸ்பாலின் மேல்நோக்கிய ஸ்விங்கை அப்படியே சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பந்துக்குக் கீழேயே மட்டை போய்விடும்.

வேலை போனவர், உச்சத்துக்குப் போனார்

2014 மார்ச்சில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி ஜே.டி. மார்ட்டினெஸ் என்ற வீரரை விடுவித்தது. அதற்கு முன்பே அவர் பெரிய பேட்டர்களின் வீடியோக்களைப் பார்த்துத் தன் ஸ்விங்கை மாற்றத் தொடங்கியிருந்தார். பந்தின் மேல் வெட்டி இறக்குவதை விட்டு, அதன் பாதையோடு மேலெழும் ஸ்விங்குக்கு மாறினார். டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2017ல் அவர் அடித்தது 45 ஹோம் ரன்.

2015 முதல் மேஜர் லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் 'ஸ்டாட்காஸ்ட்' கருவிகள் வந்தன. பந்து எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் பறந்தது என்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பலமாகவும் உயரமாகவும் அடித்தால்தான் லாபம் என்று அணிகள் கணக்குப் போட்டன.

ஆனால் 2018ல் மேஜர் லீக்கில் முதல்முறையாக, மொத்த ஹிட்களைவிட ஸ்டிரைக்அவுட்கள் அதிகமாகின. பிட்சர்களின் வேகம் கூடியதும் ஒரு காரணம். ஆனாலும் ஹோம் ரனுக்காக வீசும் ஸ்விங்குக்கு ஒரு விலை உண்டு என்பதும் தெரிந்தது.

சரி, எது பெஸ்ட்?

இரண்டும் எதிரிகளே இல்லை என்பதுதான் விஷயம். ஸ்லோ மோஷனில் பாருங்கள். ஒரு சிறந்த பேட்டர் முதலில் முன்னே நகர்வார். முன்கால் ஊன்றிய பிறகே சுழல்வார். முதல் பாதி லீனியர், அடுத்த பாதி ரொட்டேஷனல். முன்னே நகராவிட்டால் சுழற்ற வேகம் இருக்காது. சுழலாவிட்டால் அந்த வேகம் மட்டைக்குப் போய்ச் சேராது.

அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஓடிக்கொண்டே அடிப்பது போலத் தெரியும் இச்சிரோ, 2004ல் ஒரே சீசனில் 262 ஹிட் அடித்தார். இன்றுவரை மேஜர் லீக் சாதனை அதுதான். வேகமாக ஓடும் ஒல்லியான சிறுமிக்கு ஸ்லாப் அடி கைகொடுக்கலாம். உடல் வலு உள்ளவருக்குச் சுழற்சி பலன் தரலாம். எல்லோருக்கும் ஒரே ஸ்விங் என்று திணிக்கும் பயிற்சிதான் நல்ல பேட்டரையும் கெடுக்கும்.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது மட்டையை விட்டுவிட்டு பேட்டரின் முன்காலைக் கவனியுங்கள். அது ஊன்றும்போது அவர் கைகள் இன்னும் பின்னாலேயே காத்திருந்தால், பிட்சர் எந்தப் பந்தைப் போட்டாலும் அவருக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.